எந்தப் பதிவாளரிடம் போவது?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் பங்கு போட்ட விவசாயிகள் கேட்கும் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. "1,000 ரூபாய் பங்குத்தொகை கட்டினேன். ரசீது இருக்கிறது. பொதுக்குழுவுக்கு அழைப்பு வரவில்லை. கேட்டால், உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயரே இல்லை என்கிறார்கள். பதிவாளருக்கு மனு போட்டால் பெயரைச் சேர்த்துவிடுவாரா? கோர்ட்டில் வழக்குப் போட்டால் அந்த மனு செல்லாமல் போய்விடுமா?"

குழப்பம் 'பதிவாளர்' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. நம் விவசாயிகளுக்குப் பழக்கமானவர் கூட்டுறவுப் பதிவாளர். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983, பிரிவு 90-ன்படி சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையிலான தாவாவை அவரே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம். அதே நினைப்பில்தான் கம்பெனிப் பதிவாளரிடமும் போகிறோம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் சங்கம் அல்ல, கம்பெனி. 2013-ம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கான பதிவாளர் மத்திய அரசு அதிகாரி. தமிழ்நாட்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அலுவலகங்கள் உள்ளன. மாவட்டத்தில் உள்ள கூட்டுறவுத் துணைப் பதிவாளருக்கோ, வேளாண் துறையில் இருக்கும் எங்களுக்கோ இதில் அதிகாரம் கிடையாது.

கம்பெனிப் பதிவாளர் நீதிபதி அல்ல. இந்தப் பங்கு உனக்கா, அண்ணன் மகனுக்கா என்று அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். பதிவேட்டில் விடுபட்ட பெயரைச் சேர்க்கச் சொல்லி உத்தரவிடவும் மாட்டார். பிரிவு 59-ன்படி அது தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் வேலை. அதற்கு ஒரு அமர்வு சென்னையில் இருக்கிறது, பாதிக்கப்பட்ட ஒருவரே மனு செய்யலாம். நிர்வாகமே முறைகெட்டு நடக்கிறது என்று போவதானால் 100 உறுப்பினர்கள் அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர், இதில் எது குறைவோ அத்தனை பேர் சேர வேண்டும்.

"நம்ம ஊர் முன்சீப் கோர்ட்டிலேயே போட்டுவிடலாமே" என்பவர்கள் உண்டு. தீர்ப்பாயம் முடிவு செய்ய வேண்டிய விஷயத்தை சிவில் கோர்ட் எடுக்கக்கூடாது என்கிறது பிரிவு 430. 2019-ல் என்.இ.பி.சி. மைக்கான் வழக்கில் உச்ச நீதிமன்றமும் பங்கு மாற்றத் தகராறை சிவில் கோர்ட்டுக்கு விடாமல் தீர்ப்பாயத்துக்குத்தான் அனுப்பியது. போதாததற்கு, உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கென்றே உள்ள பிரிவு 378ZO, உறுப்பினருக்கும் நிறுவனத்துக்கும் வரும் தாவாவை சமரசம் அல்லது நடுவர் மூலம் தீர்க்கச் சொல்கிறது. இரு தரப்பும் எழுத்துமூலம் சம்மதித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே வக்கீல் கட்டணம் கட்டுவதற்கு முன், சமரசம் கோரி நிறுவனத்துக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பிவிடுங்கள்.

அப்படியானால் பதிவாளரிடம் போவது வீணா? இல்லை. கணக்கு, கூட்டம், ஆவணம் இவற்றில் அவர் கை ஓங்கியது. பங்கு போட்டவர்களின் குறை தீர்க்கப்படவில்லை, நிறுவனம் சட்டப்படி நடக்கவில்லை என்று தகவல் வந்தால் பிரிவு 206-ன்படி அவர் விளக்கம் கேட்கலாம், விசாரணை நடத்தலாம். கேட்ட ஆவணத்தைக் கொடுக்காவிட்டால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து கொடுக்காவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வரை கூடுதல்.

வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே இந்த அதிகாரம் நின்றுவிடாது. கோர்ட்டோ தீர்ப்பாயமோ தடை போட்டால்தான் நிற்கும். சில இயக்குநர்கள் "கேஸ் நடக்குது, கணக்குக் காட்ட முடியாது" என்கிறார்கள். இது நல்ல சாக்கு, சட்டம் அல்ல. பொதுக்குழுவுக்கு 14 நாள் முன்னதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும். கூட்டம் முடிந்த 60 நாளில் நடவடிக்கைக் குறிப்பு, தணிக்கை செய்த வரவு செலவு எல்லாம் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். ஆண்டுக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் தகுதி இழப்பார்கள்.

தாக்கலான ஆவணங்களைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். தீர்ப்பாயத்திலோ நடுவர் முன்போ இதுவே உங்களுக்குச் சாட்சி. நடக்காத கூட்டத்தை நடந்ததாகக் காட்டியிருந்தால் அங்கேதான் பிடிபடும். ஆனால் ஒன்று: பதிவாளருக்கு மனு கொடுத்துவிட்டோம் என்று காத்திருந்தால் வழக்குக்கான காலக்கெடு உங்களுக்காகக் காத்திருக்காது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யுங்கள். பதிவாளருக்கு எழுதும் மனுவில் "என் பங்கை மீட்டுத் தாருங்கள்" என்று கேட்காமல், எந்த ஆண்டுக் கூட்டத்துக்கு அறிவிப்பு வரவில்லை, எந்தக் கணக்கு தாக்கலாகவில்லை என்று எழுதி, ரசீது நகலை இணையுங்கள். அவரால் செய்ய முடிந்ததைக் கேட்டால்தான் கோப்பு நகரும்.

தகராறு இல்லாத நிறுவனத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உறுப்பினரான மூன்று மாதத்துக்குள் வாரிசு நியமனம் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். நியமிக்கப்பட்டவர் விவசாய உற்பத்தியாளராக இல்லாவிட்டால் பங்கை ஒப்படைத்துவிட்டு அதற்கான தொகையைத்தான் பெற முடியும். சென்னையில் வேலை பார்க்கும் மகன் பெயரை எழுதுவதா, உங்களோடு வயலில் நிற்கும் மருமகள் பெயரை எழுதுவதா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்து, படிவத்தை அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.