பகலிலும் கட்டலாம் கொசுவலை

வடமதுரை, அய்யலூர், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் விடிந்த பிறகுதான் படுக்கிறார்கள். ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு அடித்துப்போட்ட தூக்கம். வலை கட்டச் சொன்னால், "பகல்ல எதுக்குங்க வலை?" என்று கேட்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும். காலையிலும் அந்தி சாயும் முன்னும் அதற்கு வெறி அதிகம். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸுக்குத்தான் இரவு. ஆகவே பகலில் உறங்கும் மில் தொழிலாளி, கைக்குழந்தை, படுத்திருக்கும் நோயாளி ஆகியோருக்குப் பகலிலும் வலை வேண்டும். டெங்கு கண்டவரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்கு அதைக் கொண்டுபோகிறது.

வலை பிடிக்காததற்கு எல்லோரும் சொல்லும் காரணம் புழுக்கம். ஆப்பிரிக்க கிராமங்களில் ஆய்வு செய்தவர்களும் இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். கொசு குறைந்த மாதங்களில் அங்கும் வலை சுருட்டி வைக்கப்படுகிறது. ஏரிக்கரைகளில் மீன் பிடிக்கவும் போகிறது. இதை அறியாமை என்று தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் வலை கட்டிப் படுத்தவருக்கு அந்த அவஸ்தை தெரியும். ஆனாலும் 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட சுமார் 66 கோடி மலேரியா பாதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு மருந்து ஏற்றிய வலைகளால் தடுக்கப்பட்டவை என்கிறது ஒரு கணக்கு.

உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அத்தகைய வலைகள் நம் பக்கத்துக் கரூரிலேயே தயாராகின்றன. சந்தையில் தொங்கும் நீல வலை பெரும்பாலும் மருந்தில்லாத சாதா வலை. அது மோசமில்லை, ஆனால் கிழிசல் இருந்தாலோ, கை கால் வலையை ஒட்டிக் கிடந்தாலோ கொசு கடித்துவிடும். மருந்து வலை என்றால் அதில் உட்காரும் கொசு சாகும். புதிதாகப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் விரித்துப்போட வேண்டும். சாதாரண சோப்பில் அலசி நிழலில் காயப்போடலாம். கண்மாயில், கிணற்றில் அலசக் கூடாது, மீனுக்கு அந்த மருந்து விஷம். ஓரத்தைப் பாய்க்கடியில் செருகாத வலை கட்டியும் பிரயோஜனமில்லை.

தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊரில் டிரம்மும் தொட்டியும் இல்லாத வீடு கிடையாது. மூடாத டிரம்மில் ஒரு வாரம், பத்து நாளில் புழு கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மருந்து ஊற்ற வருகிறவரிடம் "தண்ணி நாறும்" என்று கதவைச் சாத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவும் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும்தான் வளர்கிறது. தெற்காசியாவின் இந்தக் கொசு 2012-இல் ஜிபூட்டியில் தென்பட்டு, இன்று ஆப்பிரிக்க நகரங்களைக் கலங்கடிக்கிறது.

பக்கத்துக் காலி மனையிலோ மில் வளாகத்திலோ கொசு வளரும் தண்ணீர் நின்றால் சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 1939-ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டம், அதை அகற்றச் சொல்லி உரியவருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரத்தைச் சுகாதார அதிகாரிகளுக்குத் தந்திருக்கிறது. பேரூராட்சி அலுவலகத்தில் மனுவாக எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

தமிழகத்தில் மலேரியா இப்போது ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத்தான். அதனாலேயே காய்ச்சல் வந்தால் அந்தச் சந்தேகம் யாருக்கும் எழுவதில்லை. வடமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளிக்குக் குளிர்காய்ச்சல் என்றால் அவரை ஒதுக்க வேண்டாம், ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சொல்லப்போனால் வலை விஷயத்தில் அவர் நமக்குப் பாடம் எடுக்கலாம்: ஒடிசாவில் 2017 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மருந்து வலைகள் வீடுவீடாகப் போயின. 2016-இல் நான்கு லட்சத்தைத் தாண்டிய மலேரியா 2019-இல் நாற்பதாயிரத்துக்குள் வந்தது. ஊர் ஊராக நடந்த ரத்தப் பரிசோதனைக்கும் அதில் பங்குண்டு.

வைவாக்ஸ் வகை மலேரியாவுக்குப் பிரைமாகுவின் மாத்திரை 14 நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதென்று நிறுத்தினால், ஈரலில் பதுங்கிய கிருமி மாதங்கள் கழித்துத் திரும்பும். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கூடாது. மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

லீவு போட்டால் சம்பளம் போகும் என்று காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போகிறவர்கள் இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துப் பாருங்கள். சந்தா கட்டிய நாட்கள் உரிய அளவில் இருந்து, இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்றும் தந்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சம்பளத்தில் பிடித்தம் நடந்தும் அட்டை கைக்கு வரவில்லையென்றால், காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே மில் அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.