ஊவாத் தோட்டங்களில் மாரிகாலப் பண்டிகைகள்

பண்டிகைகளை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் புராணக் கதைகளிலிருந்தே தொடங்குவர். பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் மாரிகாலப் பண்டிகைகளை எவ்வாறு கொண்டாடுகின்றன என்பதை விளங்கிக்கொள்ள அம்முறை போதாது. இங்கு நாம் முதலிற் கேட்க வேண்டியது, பண்டிகைக்குரிய நேரம் யாருடையது என்பதே.

ஊவாவின் மாரி, மேற்குச் சரிவுகளின் மாரியன்று. ஹட்டனும் தலவாக்கலையும் தென்மேற்குப் பருவமழையில் நனையும் மாதங்களில் ஊவாவில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலை தன் பெயர்பெற்ற மணத்தை அடைவதும் அப்போதுதான். ஒக்டோபரிலிருந்து சனவரி வரை நிலைமை தலைகீழாகும். பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை என மலைகள் எங்கும் மழையும் பனிமூட்டமும் சூழும். தீபாவளி, கார்த்திகை விளக்கீடு, நத்தார், தைப்பொங்கல் ஆகிய நான்கும் இம்மழைக்குள்ளேயே வருகின்றன. 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண்சரிவு மூடியது, தீபாவளி கழிந்த ஒரு வாரத்தில், ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில்.

இப்பண்டிகைகளை மத அடிப்படையிற் பிரிப்பதே வழக்கம். வேலை நேரத்துக்கு வெளியே அடங்குவன, வேலையினின்று விடுதலை வேண்டுவன என்று பிரித்தால் தோட்ட வாழ்வு இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது எமது கருத்து. கார்த்திகை விளக்கீடு முதல் வகையைச் சார்ந்தது. மாலையிற் கொழுந்து நிறுத்து, குளித்து, லயத்து வாசலில் அகல் ஏற்றினால் போதும். எவரிடமும் விடுமுறை கேட்க வேண்டியதில்லை. மார்கழிப் பஜனையும் அத்தகையதே. பெரட்டுக்கு முந்திய இருளிற் சிறுவரும் இளைஞரும் பாடிக்கொண்டு லயம் லயமாகச் சுற்றி, வேலை தொடங்குமுன் கலைந்துவிடுவர். தோட்டத்தின் நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அந்த எல்லைகளுக்கு அப்பாலேதான் வழிபாடு தனக்கு இடம் தேடிக்கொண்டது. கார்த்திகை முழுநிலவும் பௌத்தர்களின் உந்துவப் போயாவும் பல ஆண்டுகளில் ஒரே இரவிலோ அடுத்தடுத்த இரவுகளிலோ அமைவதால், அயற் சிங்களக் கிராமத்தின் விளக்குகளும் லயத்து அகல்களும் சேர்ந்து எரியக் காணலாம்.

இதற்கு ஒப்பானதொன்றை யூதக் குடும்பங்களின் ஹனுக்கா விழாவிற் காண்கிறோம். கிறித்துவுக்கு முந்திய இரண்டாம் நூற்றாண்டில் எருசலேம் ஆலயம் மீண்டும் புனிதமாக்கப்பட்டதை நினைந்து, எட்டு இரவுகள் நாளுக்கொரு சுடர் கூட்டி வீட்டில் விளக்கேற்றுவர்; எண்ணெயிற் பொரித்த பண்டங்களை உண்பர். சப்பாத்து நாளைப்போல் அந்நாட்களில் வேலை விலக்கப்பட்டதன்று. யூத சமயத்திற் சிறிய விழாவான அது, நத்தாரைப் பெரும்பான்மையினர் கொண்டாடும் அமெரிக்காவில், பிள்ளைகளுக்குப் பரிசளிக்கும் பெருவிழாவாக வளர்ந்தது. அயலவரின் பண்டிகை ஒரு குடும்பத்தின் பண்டிகையை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. (எமது மலையகத்துக்கும் யூதர் முற்றிலும் அந்நியரல்லர். 1840களிற் புசல்லாவையில் றோத்சைல்ட் தோட்டத்தை அமைத்து, கோப்பியோடு தேயிலையையும் நட்டுப் பார்த்த த வேர்ம்ஸ் சகோதரர் அவ்வினத்தவரே.) யூத நாட்காட்டி சந்திர மாதங்களைக் கொண்டதாயினும், 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதம் கூட்டப்படுவதால் ஹனுக்கா குளிர்காலத்தை விட்டு அகலுவதில்லை. இஸ்லாமிய நாட்காட்டியில் அத்தகைய கூட்டல் இல்லை. எனவே பதுளை நகர முஸ்லிம் குடும்பங்களின் நோன்புப் பெருநாள் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வருகிறது. 2000ஆம் ஆண்டில் அது டிசம்பர் இறுதியில், நத்தாரை அடுத்து வந்தது.

நத்தார் இரண்டாம் வகையினது. தோட்டங்களில் அதற்கு இரு முகங்கள் இருந்தன. ஒன்று துரையின் நத்தார்: கங்காணிமார் மாலையும் பழத்தட்டமும் ஏந்திப் பங்களாவுக்குச் செல்லும் சடங்கு. மரியாதை என்று பெயர் பெற்றிருந்தாலும் அது அதிகாரத்தின் ஆண்டுக் கணக்கெடுப்பே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு வெள்ளைத் துரைமார் அகல, அம்முகம் மங்கியது. மற்றையது லயத்து நத்தார். சைப்பிரஸ் கிளையும் புல்லும் கொண்டு காம்பராவின் மூலையில் மாட்டுக்குடில் அமைப்பர். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் பாடிவரும் குழுவில் இந்துப் பிள்ளைகளும் கலந்துகொள்வர். ஒரே சுவர் இரு குடும்பங்களைப் பிரிக்கும் லயத்தில், அடுத்த வீட்டுப் பலகாரத்தின் மணமும் பாட்டும் யாருக்கும் அந்நியமல்ல. முறுக்கும் அதிரசமும் தீபாவளிக்கு ஒரு திசையிற் சென்றால் நத்தாருக்கு எதிர்த்திசையில் வரும்.

விடுமுறை சமயத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று என்பதை 1966 முதல் 1971 வரை நடைமுறையிலிருந்த போயா வாரமுறை காட்டியது. ஞாயிறு வேலைநாளாயிற்று, கிறித்தவத் தொழிலாளிக்கு ஆராதனை நேரமே சிக்கலாயிற்று. 1971இல் ஞாயிறு மீண்டது.

ஆயினும் விடுமுறை கிடைப்பதால் மட்டும் பண்டிகை நிகழ்ந்துவிடாது. தோட்டச் சம்பளம் அடுத்த மாதம் 10ஆந் திகதியளவில் வழங்கப்படுகிறது. நத்தார் வருவது 25ஆந் திகதி, அதாவது கை வறண்ட பின்னர். பொங்கல் சம்பளத்தை ஒட்டி 14இலோ 15இலோ வருகிறது. ஆனால் அது மழையால் வேலைநாள் குறைந்த மார்கழியின் சம்பளம். நெல் விளைவிக்காத, விளைவிக்க நிலமும் இல்லாத மக்கள் கடையில் அரிசி வாங்கிப் பொங்கி உழவர் திருநாளைக் கொண்டாடும் முரணை நாம் எளிதிற் கடந்துவிடலாகாது. எனினும் திராவிட இயக்கச் செல்வாக்குத் தோட்டங்களிற் பரவிய 1950களின் பின்னர், பொங்கல் தமிழர் திருநாள் என்ற உணர்வும் வலுப்பெற்றது. கிறித்தவ வீடுகளின் முற்றத்திலும் பானை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தோட்டத்தின் பெரும் பண்டிகை தீபாவளியே. புத்தாடையும் ஆட்டிறைச்சியும் அதற்கே உரியன. அச்செலவுக்கு நிருவாகம் வழங்குவது முற்பணம், அதாவது கடன். அத்தொகையை உயர்த்துமாறு தொழிற்சங்கங்கள் கோருவது ஐப்பசி தோறும் கேட்கும் குரல். கடன்தொகை உயர்வதைப் பண்டிகைக் கொடை உயர்வதாகப் பேசும் மயக்கம் தொழிற்சங்க மேடைகளில் இன்னும் நீங்கவில்லை. மார்கழிப் பஜனை ஓய்ந்து, பொங்கற் பானை கழுவிக் கவிழ்க்கப்பட்ட பின்னரும், சம்பளச் சீட்டிலே தீபாவளி முற்பணத்தின் தவணை கழிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.