கைப்பிடி சொல்லும் மின்கணக்கு

மாதேஸ்வரன் மலைக்கு மேட்டூர் வழியாகச் சென்று, சுவாமியை வணங்கிவிட்டு வந்த வழியே திரும்புவது நம்மில் பலருடைய வழக்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் செல்வோர் மேலும் ஒரு நாளை ஒதுக்க இயலுமாயின், மலையிலிருந்து கொள்ளேகால் வழியாகப் பெங்களூரு சென்று, கஸ்தூரிபா சாலையில் உள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகத்தைக் கண்டு வரலாம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெரியவர்களுக்கோ மாதந்தோறும் செலுத்தும் மின்கட்டணத்தின் பொருள் விளங்கும் இடம்.

சர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவைக் கிருஷ்ணராஜ சாகர் அணையோடு சேர்த்தே நாம் அறிவோம். 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்த அவருடைய முயற்சியால்தான் 1913-இல் மைசூர் வங்கியும் தோன்றியது. பிற்காலத்தில் ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூர் என்று பெயர் பெற்ற அவ்வங்கி, 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது. பொறியாளர் ஒருவர் வங்கிக்கு வித்திட்டார் என்பதில் வங்கித் துறையினராகிய எங்களுக்குச் சற்றே பெருமிதம் உண்டு. அவர் 1962 ஏப்ரலில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகக் கட்டடத்தை அவ்வாண்டு ஜூலை 14 அன்று பிரதமர் நேரு திறந்து வைத்தார். 1965-இல் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட முதல் காட்சிக்கூடத்தின் பொருள் மின்சாரம்.

பழைய அருங்காட்சியகங்களில் 'பொருள்களைத் தொடாதீர்' என்ற பலகையே முதலில் கண்ணில் படும். அந்த மரபை மாற்றியவற்றுள் முதன்மையானது ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1903-இல் நிறுவப்பட்ட டாய்ச்சஸ் அருங்காட்சியகம். பொத்தானை அழுத்தினால் இயங்கும் மாதிரிகளை அங்கே வைத்தனர். அதனைக் கண்டு ஊக்கம் பெற்ற டாக்டர் பி. சி. ராய் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1959-இல் கொல்கத்தாவில் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் பிறந்தது. பெங்களூரு அருங்காட்சியகம் அதற்கு அடுத்து வந்தது. இன்று இவ்விரண்டும் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தின் கீழ் இயங்குகின்றன.

இத்தகைய இடங்களில் தவறாமல் காணப்படும் எளிய கருவி ஒன்று, கையால் சுழற்றும் மின்னாக்கி. விளக்கு இணைக்கப்படாதபோது கைப்பிடி இலகுவாகச் சுழலும். விளக்கை இணைத்ததும் அதே கைப்பிடி கனக்கும். இரண்டாவது விளக்கையும் இணைத்தால் இன்னும் கனக்கும். கம்பிச்சுருளில் ஓடத் தொடங்கும் மின்னோட்டம் தானும் ஒரு காந்த விசையை உண்டாக்கி, சுழற்சியை எதிர்ப்பதே இதற்குக் காரணம். இல்லத்தில் நாம் ஒரு மின்விசிறியைப் போடும்போது, அந்தக் கனம் எங்கோ ஒரு மின்நிலையத்தின் சுழலியின்மீது ஏறுகிறது. அதைச் சுழற்றக் கூடுதல் நீரோ நிலக்கரியோ செலவாக வேண்டும்.

கணக்கிட்டுப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். நல்ல உடல்நலம் உள்ள ஒருவர் மிதிவண்டி போன்ற கருவியை இடைவிடாது மிதித்துச் சுமார் 100 வாட் ஆற்றல் தரலாம். அவ்வாறு பத்து மணி நேரம் மிதித்தால்தான் ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஒரு நாள் முழுதும் ஒரு மனிதர் வியர்வை சிந்தும் உழைப்பை நாம் சில ரூபாய்க்குப் பெறுகிறோம். ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி எத்தனை முறை அறிவுறுத்தினாலும் கேளாத பிள்ளை, இந்தக் கைப்பிடியை இரண்டு நிமிடம் சுழற்றினால் போதும்.

வரும் வழியிலேயே இதற்கு முன்னுரை இருக்கிறது. கொள்ளேகாலைக் கடந்து மளவள்ளி செல்லும் சாலைக்கு அருகே சிவனசமுத்திரத்தில் காவிரி அருவியாக வீழ்கிறது. நாட்டின் தொடக்ககால நீர்மின் நிலையங்களுள் ஒன்று 1902-இல் அங்கு இயங்கத் தொடங்கி, ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் இருந்த கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பியது. பெங்களூரு நகரம் மின்விளக்கைக் கண்டது அதன் பின்னர், 1905-இல்தான். வீழும் நீரைக் காலையில் பார்த்துவிட்டு, கைப்பிடியைப் பிற்பகலில் சுழற்றும் பிள்ளைக்கு விளக்கவுரை அதிகம் தேவைப்படாது.

ரைட் சகோதரர்கள் 1903-இல் பறக்கவிட்ட விமானத்தின் முழு அளவு மாதிரியும், நம் நாட்டில் உருவான 'மாருத்' போர் விமானமும் இங்கு உள்ளன. அறிவியல் மையங்களில் பரவலாகக் காணப்படும் இரட்டைக் கூம்பையும் தேடிப் பாருங்கள். சரிவான இரு தண்டவாளங்களின் தாழ்ந்த முனையில் வைத்தால் அது மேட்டை நோக்கி உருண்டு செல்லும். உண்மையில் அது ஏறுவதில்லை. தண்டவாளங்கள் விலக விலக, கூம்பின் மெலிந்த பகுதிகளே அவற்றின்மீது படிவதால், அதன் எடைமையம் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. கண்ணை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பெற்றோர் பலர் இங்கே செய்வது, பொத்தானை அழுத்தி ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு அடுத்த கூடத்துக்கு விரைவது. கொடுத்த நுழைவுக் கட்டணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் புரியக்கூடியதே. ஆயினும் இரண்டு கூடங்களை நிதானமாகப் பார்ப்பதே ஆதாயம். விளக்கப் பலகையைப் படிக்கும் முன், என்ன நடக்கும் என்று பிள்ளையை ஊகிக்கச் சொல்லுங்கள். ஊகம் பொய்த்தால் மீண்டும் ஒருமுறை செய்து பார்க்க விடுங்கள். வார நாள்களில் காலை வேளையில் சென்றால், பின்னால் வரிசையில் நிற்போரின் அவசரமும் இராது.

பெங்களூரு செல்ல இயலாதோருக்குத் திருநெல்வேலியில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இயங்கி வருகிறது. அது இதே பெங்களூரு அருங்காட்சியகத்தின் கிளை. கோவையில் மண்டல அறிவியல் மையம் உள்ளது. சென்னைவாசிகள் கோட்டூர்புரத்துப் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்குச் செல்லலாம். அவ்வளாகத்திலேயே உள்ள பிர்லா கோளரங்கில் தமிழிலும் காட்சிகள் நடைபெறுவதால், தாத்தா பாட்டியரையும் உடன் அழைத்துச் செல்லலாம்.