நான் பதில் சொல்ல முடியாத கேள்வி

பட்டணத்துக் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் ஒருநாள் கைப்பேசியோடு வந்து நின்றாள். அவளும் அவள் தோழிகளும் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறார்கள். வானொலிப் பேட்டி போலத்தான். வேண்டிய நேரத்தில் கைப்பேசியில் கேட்டுக்கொள்ளலாம். "இந்த முறை அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் விளையாட்டு. கேள்வி கேட்க நீங்கள்தான் வரவேண்டும், மாமா" என்றாள்.

பேட்டி கொடுக்க இசைந்தவர், எண்பதுகளில் அங்கே உடற்கல்வி படித்துத் திரும்பி, விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார். அவர் முன் வெறுங்கையோடு போய் உட்காரலாமா? மூன்று இரவுகள் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

1972 ஜூன் 23-ஆம் நாள் அதிபர் நிக்சன் ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மத்திய அரசின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண், பெண் என்று பார்த்து ஒருவரை ஒதுக்கக்கூடாது என்கிறது அதன் 'டைட்டில் நைன்' என்னும் பகுதி. ஆங்கிலத்தில் அதன் மூல வாசகம் 37 சொற்கள்தாம். அவற்றில் விளையாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை! ஆனாலும் அந்த வாசல் வழியாகத்தான் பெண்கள் திடலுக்குள் வந்தார்கள்.

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. யேல் பல்கலைக்கழகத்துப் படகோட்டும் பெண்களுக்குப் படகுத் துறையில் குளிக்க இடமில்லை. ஆண்கள் வெந்நீரில் குளித்து வரும்வரை, இவர்கள் குளிர்காலத்தில் நனைந்த உடையோடு பேருந்தில் காத்திருந்தார்கள். 1976 மார்ச் 3-ஆம் நாள் கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் 19 பெண்கள் விளையாட்டு அலுவலகத்துக்குப் போனார்கள். தங்கள் முதுகில் 'டைட்டில் நைன்' என்று எழுதிக் காட்டினார்கள். மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்தது. பின்னர் குளியலறையும் வந்தது.

1974-இல் பாட் சம்மிட் என்னும் 22 வயதுப் பெண் டென்னசி பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்துப் பயிற்றுநரானார். மாதச் சம்பளம் 250 டாலர். வீராங்கனைகளின் உடைகளைத் துவைத்தவரும், வேன் ஓட்டியவரும் அவரே. 2012-இல் ஓய்வு பெற்றபோது அவருடைய அணி 1,098 ஆட்டங்களில் வென்றிருந்தது.

இவற்றையெல்லாம் கேள்விகளாக்கிக் கேட்டேன். அம்மையாரும் அழகாக விளக்கினார். முடியும் நேரத்தில் அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "சார், உங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டில் முதலாவதாக ஓடும் பெண் பிள்ளைகள் படிவம் மூன்றிலும் ஓடுகிறார்களா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு பிள்ளை நினைவுக்கு வந்தாள். வெறுங்காலோடு ஓடி மாவட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்தவள். வயதுக்கு வந்ததும் அவள் பாட்டி பள்ளிக்கு வந்து, "இனிமே அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு ஓட வேணாம் வாத்தியாரே" என்றார். நான், "சரி பாட்டி" என்றேன். நீளக் காற்சட்டை அணிந்தும் ஓடலாம், ஆசிரியை ஒருவர் கூடவே வருவார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுடைய இடத்தில் வேறொரு பிள்ளையை நிறுத்தினேன். அன்று அவளைத் தடுத்தது பாட்டி மட்டுமா? என் 'சரி'யும்தானே?

நம் பிள்ளைகளுக்கு ஓட வராதா என்ன? 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஓடிய ராஜமணி நம் வீட்டுப் பெண்தானே!

நான் வாயடைத்து இருந்த அந்த இடத்தை வெட்டிவிடலாமா என்று தங்கை மகள் கேட்டாள். "அப்படியே இருக்கட்டும்மா" என்றேன்.

பெற்றோர்களே, உங்கள் மகள் ஓட ஆசைப்பட்டால், வேண்டாம் என்பதற்கு முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். இந்த ஆண்டு விளையாட்டுப் போட்டி முடிந்ததும், ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளின் வீடுகளுக்கு நானே போகப்போகிறேன். முதலில் அந்தப் பாட்டியின் வீட்டுக்கு. அவருக்கு இன்னொரு பேத்தி இருக்கிறாள். அவளும் நன்றாக ஓடுகிறாள்.