ஆலப்புழாவில் எந்தப் படகில் ஏறுவது? ஹவுஸ்போட் முதல் அரசுப் படகு வரை... புக் பண்ணும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னை சென்ட்ரலில் இரவு ஆலப்புழா எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலையில் ஆலப்புழா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த இரண்டாவது நிமிடம் கேள்வி வந்துவிடும். "சாரே, போட் வேணுமா? நல்ல போட் இருக்கு." உடனே ஒரு செல்போன் நீளும். மெத்தையில் ரோஜா இதழ் தூவிய படுக்கையறை, பெரிய டிவி, மேஜை நிறையப் பொரித்த கரிமீன். முதலில் சொன்ன விலை, ஆட்டோ ஸ்டாண்டு வரை நடப்பதற்குள் இரண்டாயிரம் குறைந்திருக்கும். பத்தே நிமிடத்தில் அட்வான்ஸ் கை மாறிவிடும்.

அந்தப் போட்டோக்களில் படகின் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியும். படகிலிருந்து வெளியே என்ன தெரியும் என்பது தெரியாது. ஆலப்புழாவில் அதை முடிவு செய்வது ஒரே ஒரு விஷயம்: படகின் அகலம்.

காரணம், இங்கே தண்ணீர் ஒரே மாதிரி இல்லை. ஒரு பக்கம் கரையே கண்ணுக்குத் தெரியாத வேம்பநாட்டுக் காயல். அதில் வந்து விழும் பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள். அந்த ஆறுகளை ஒன்றோடொன்று இணைக்கும் கால்வாய்கள். அதற்கும் உள்ளே, இரண்டு தென்னை மரங்களுக்கு இடையே புகுந்து போகிற மாதிரி ஒடுங்கிய ஓடைகள். குட்டநாட்டு மக்கள் குடியிருப்பது பெரும்பாலும் கடைசியாகச் சொன்ன இந்தக் குறுகிய தண்ணீரின் ஓரத்தில்தான். பெரிய படகு அங்கே நுழைய முடியாது.

ஹவுஸ்போட்: 21 மணி நேரத்தில் ஓடுவது எவ்வளவு?

ஹவுஸ்போட்டின் மூதாதை 'கெட்டுவள்ளம்'. வள்ளம் என்றால் என்னவென்று கன்னியாகுமரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கெட்டு என்பது நம்ம 'கட்டு'தான். ஆஞ்சிலி மரப்பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டி, மேலே முந்திரி ஓட்டு எண்ணெய் பூசிய சரக்குப் படகு அது. குட்டநாட்டு நெல்லை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு கொச்சி வரை போய்வந்த காலம் உண்டு. சாலையும் லாரியும் வந்த பிறகு வேலையில்லாமல் கிடந்த வள்ளங்களுக்கு, 1990-களில் சுற்றுலா புது வாழ்வு கொடுத்தது. இன்று ஓடுவதில் பல, சுற்றுலாவுக்கென்றே புதிதாகக் கட்டியவை. மூங்கில் கூரை மட்டும் பழைய ஜாடை.

வழக்கமான பேக்கேஜ், மதியம் 12 மணிக்கு ஏறி மறுநாள் காலை 9 மணிக்கு இறங்குவது. கணக்குக்கு 21 மணி நேரம். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குச் சுமார் ஒரு மணி நேரம் கரையோரம் நிறுத்துவார்கள். மாலை ஐந்தரை மணிவாக்கில் படகைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். அதன்பிறகு காயல் மீனவர்களுக்கு. அவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. மறுநாள் காலை டிபனுக்குப் பிறகு ஒரு சின்னச் சுற்று, அவ்வளவுதான். மொத்தமாகப் படகு நகர்வது ஐந்து மணி நேரத்தைச் சுற்றித்தான் இருக்கும். "ராத்திரி முழுக்க காயல்ல மிதந்துகிட்டே போவோம்" என்று நினைத்துப் போகிறவர்கள், பக்கத்துப் படகின் ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டபடி தூங்க நேரிடும்.

இது ஏமாற்று வேலை இல்லை. நடைமுறையே இப்படித்தான். ஆனால் தெரிந்துகொண்டு பணம் கட்டுவது வேறு. தண்ணீரின் மேல் ஓர் இரவு தூங்கி எழ வேண்டும், விடியலில் கொக்குகளைப் பார்த்தபடி காபி குடிக்க வேண்டும், அப்பா அம்மாவை அலையவிடாமல் உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்றால் ஹவுஸ்போட்டுக்கு மாற்றே கிடையாது. சும்மா சுற்றிப் பார்க்கத்தான் என்றால் அதே படகில் பகல் பயணம் போதும். காலை 11 மணி வாக்கில் ஏறி மாலை ஐந்து மணிக்கு இறங்குவது. தண்ணீரில் ஓடும் நேரம் கிட்டத்தட்ட அதே, வாடகை கணிசமாகக் குறைவு.

புக் பண்ணும்போது கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள். ஒன்று, ஏசி எத்தனை மணிக்கு ஓடும்? குறைந்த கட்டணப் படகுகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மட்டும்தான் இருக்கும். பகலில் அறை வேகும். இரண்டு, இரவு எங்கே நிறுத்துவீர்கள்? 'ஃபினிஷிங் பாயின்ட்' பக்கம் வரிசையாக நிற்கும் படகுகளுக்கு நடுவிலா, உள்ளே ஏதாவது கிராமத்து ஓரத்திலா? இந்த ஒரு பதிலில் இரவே மாறிவிடும்.

ஷிகாரா: பெயர் காஷ்மீர், என்ஜின் உள்ளூர்

ஷிகாரா என்றதும் துடுப்பு போடும் தால் ஏரிப் படகை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கூரை போட்ட சிறிய மோட்டார் படகு. மணிக்கணக்கில் வாடகை. நாலைந்து பேர் கொண்ட நண்பர்கள் குழுவுக்குப் பொருத்தம். ஹவுஸ்போட் நுழையாத நடுத்தரக் கால்வாய்களுக்குள் இது போகும். ஆனால் ஒரு மணி நேரம் மட்டும் எடுத்தால் புன்னமடைக் காயலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மூன்று மணி நேரமாவது எடுத்து, "காயல் வேண்டாம், கைனகரி பக்கம் உள்ளே போங்க சேட்டா" என்று ஏறும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. வாடகை படகுக்கா, தலைக்கா என்பதையும் அப்போதே கேட்டுவிடவும். தகராறெல்லாம் இதில்தான் வருகிறது.

அரசுப் படகு: புரோக்கர் சொல்லாத வழி

ஆலப்புழா கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து நிலையத்தின் பக்கத்திலேயே கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் ஜெட்டி இருக்கிறது. இந்தத் துறையின் தலைமையகமே இந்த ஊரில்தான். இங்கிருந்து கிளம்புபவை சுற்றுலாப் படகுகள் இல்லை, தண்ணீரில் ஓடும் டவுன் பஸ்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் படகு கரையை உரசி நிற்கும். யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் குதித்து ஏறுவார்கள். மீன் வாங்கிய பையோடு ஒரு பாட்டி இறங்குவார்.

கோட்டயம் போகும் படகு, ஆலப்புழாவின் அரசுப் படகுகளில் பயணிகள் அதிகம் தேடுவது. சுமார் இரண்டரை மணி நேரம் காயல், ஆறு, கால்வாய் மூன்றையும் தொட்டுக்கொண்டு போகும். கட்டணம் ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடும் செலவுதான். இந்தப் படகில் உட்கார்ந்தால்தான் குட்டநாட்டின் விசித்திரம் கண்ணில் படும். வரப்புக்கு இந்தப் பக்கம் தண்ணீர் மேலே நிற்கும், அந்தப் பக்கம் வயல் கீழே கிடக்கும். கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் ஊர் இது. காயலுக்குள் வரப்பு கட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்து வெளியேற்றி உண்டாக்கிய நிலம். இந்த விவசாய முறையை ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2013-ல் உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது.

குறை இல்லாமல் இல்லை. சாப்பாடு கிடையாது, நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, காலை மாலை வேளைகளில் உள்ளூர்க் கூட்டம் அதிகம். அந்த நேரத்தில் ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பது, வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். முற்பகல் படகில் போவது இரு தரப்புக்கும் நிம்மதி. கூட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு, இதே துறை சுற்றுலாவுக்கென்று இயக்கும் 'வேகா' படகு இருக்கிறது. சில மணி நேரச் சுற்றில் பாதிராமணல் தீவுப் பக்கமும் போய்வரும். டிக்கெட் தலைக்குத்தான் என்பதால் தனியாகப் போகிறவர்களுக்கு லாபம்.

நாட்டுவள்ளம், கயாக்: உள்ளே போக இதுதான்

துடுப்பு போடும் சிறிய வள்ளத்திலோ கயாக்கிலோ போனால் சத்தமே இருக்காது. ஒருவர் வீட்டு வாசல் படிக்கட்டில் பாத்திரம் தேய்ப்பது, இன்னொரு வீட்டில் ரேடியோ பாடுவது எல்லாம் கைக்கெட்டும் தூரம். கயாக் ஓட்டக் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும், ஒன்பதுக்கு மேல் வெயில் முதுகை உரிக்கும். கையில் பழக்கம் இல்லாவிட்டால் இருவர் அமரும் கயாக் கேட்கலாம்.

ஒரு சிக்கல் ஆகாயத்தாமரை. கடல் உப்பு வயலுக்குள் ஏறாமல் இருக்க, கோடையில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை மூடுவார்கள். நெல்லுக்கு நல்லது. ஆனால் உப்புத் தண்ணீரில் செத்துப்போகும் ஆகாயத்தாமரை, நன்னீர் தேங்கியதும் மண்டிவிடும். சில கால்வாய்கள் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி அடைபட்டுக் கிடக்கும். போகும் வாரத்தில் எந்த வழி திறந்திருக்கிறது என்று முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

விலையை விட முக்கியமான பேரம்

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்தபோது படகு சாய்ந்தது. 2023 மே 7-ல் மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர் போனார்கள். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியிருந்தார்கள், அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள், பொழுது சாய்ந்த பிறகும் சவாரி விட்டார்கள்.

இரண்டு படகிலும் ஏறியவர்கள் யாரும் துணிச்சல் காட்டப் போனவர்கள் இல்லை. விடுமுறைக்குப் போன குடும்பங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் படகை நேரில் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். பக்கவாட்டில் பதிவு எண் எழுதியிருக்கிறதா, எத்தனை பேருக்கு அனுமதி என்று பாருங்கள். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேளுங்கள். "உள்ள இருக்கு சார்" என்ற பதில் போதாது. எடுத்து வெளியே வைக்கச் சொல்லி எண்ணிப் பார்க்கலாம், குழந்தைகளுக்குச் சிறிய அளவு இருக்கிறதா என்பதையும். ஆறு பேருக்கு அனுமதி உள்ள படகில் "ரெண்டு பேர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று சொல்வது பல நேரம் புரோக்கர் இல்லை, நம்ம குரூப்தான். மாடி உள்ள படகில் போட்டோவுக்காக எல்லோரும் ஒரே ஓரத்துக்குப் போகக் கூடாது. இரவில் கட்டிப்போட்ட படகிலிருந்து கரைக்குத் தாவுவதும் வேண்டாம். இருட்டில் ஆழம் தெரியாது. குடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். 2002 முதல் ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலம் இது. இதே தண்ணீரின் ஓரத்தில்தான் துணி துவைக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். கழிவுத் தொட்டி உள்ள படகுக்காரர் இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

டிசம்பர் கடைசி வாரத்திலும் ஆகஸ்டில் நேரு டிராபி படகுப் போட்டியை ஒட்டியும் வாடகை எகிறும். அந்த நாட்களில் ஸ்டேஷன் வாசலில் பேரம் பேசி ஜெயித்தவர்கள் குறைவு. மற்ற நாட்களில் அவசரமே இல்லை. கையில் ஒன்றரை நாள் இருந்தால், முதல் நாள் முற்பகல் கோட்டயம் படகில் பாதி தூரம் போய் எதிரே வரும் படகில் திரும்பிவிடலாம். வழியில் எந்த மாதிரிப் படகு எந்தக் கால்வாய்க்குள் திரும்புகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். மாலையில் ஃபினிஷிங் பாயின்ட்டுக்கு நடந்துபோய், மறுநாளைக்கான படகை நேரில் பார்த்துப் பேசி முடித்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அன்றைய சவாரி முடித்துத் திரும்பிய படகுக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.