அடிபட்டவளே வெளியேற வேண்டுமோ?

மதுரையில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், கணவனின் அடி தாங்காது, கைக்குழந்தையோடும் ஒரு துணிப்பையோடும் திருவாதவூர்த் தாய்வீட்டிற்கு வந்து சேருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அவளை ஆயரிடம் அழைத்து வருகிறார்கள். ஆயர்களாகிய நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றையே கூறுகிறோம். "பொறுமையாய் இரும்மா, திரும்பிப் போ" என்போம். அன்றேல், "கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இரு, நாங்கள் பேசிப் பார்க்கிறோம்" என்போம். இவ்விரண்டும் ஒரே எண்ணத்தினின்று பிறப்பவை: வீடு கணவனுடையது, இடர் நேர்ந்தால் வெளியேற வேண்டியவள் மனைவி. இவ்வெண்ணம் நாட்டின் சட்டத்திற்கும் திருமறைக்கும் ஒவ்வாதது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் தரும் உரிமை

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. மனைவி தான் குடும்பமாய் வாழ்ந்த இல்லத்தில், அதன்மீது தனக்கு உடைமை இல்லாவிடினும், உறையும் உரிமையுடையவள் என்று அதன் 17ஆம் பிரிவு கூறுகிறது. சட்டநெறிப்படியன்றி எவரும் அவளை வெளியேற்றலாகாது. உடைமை உரிமை வேறு, உறைவிட உரிமை வேறு என்பதை நாம் இங்குப் பிரித்தறிய வேண்டும். பத்திரம் கணவன் பெயரிலேயே இருக்கலாம்; ஆயினும் மனைவியைத் தெருவில் நிறுத்திக் கதவைப் பூட்டும் அதிகாரத்தை அப்பத்திரம் அவனுக்கு அளிப்பதில்லை. இங்கிலாந்திலும் மனைவிக்கு இத்தகைய உறைவிட உரிமை 1967ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே உறுதியாயிற்று.

19ஆம் பிரிவின்படி குற்றவியல் நடுவர், மனைவியின் உறைவிடத்திற்கு இடையூறு செய்யலாகாது என்று கணவனைத் தடுக்கலாம். வீட்டை விற்பதைத் தடுக்கலாம். அவனையே வெளியேறுமாறு பணிக்கலாம். அல்லது அதே தரமுள்ள வேறு வீட்டிற்கு வாடகை செலுத்தச் செய்யலாம்.

வீடு மாமனார் பெயரில் இருந்தால்? அத்தகைய வீட்டில் மருமகளுக்கு உரிமையில்லை என உச்சநீதிமன்றம் 2006இல் கருதியது. ஆனால் 2020 அக்டோபர் 15இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அக்கருத்தைத் தவறெனத் தள்ளிற்று. எனினும் இவ்வுரிமை எக்காலத்தும் அசையாத ஒன்றன்று. முதிய பெற்றோரின் அமைதியும் எண்ணப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

மணமுறிவுக் காலத்தில்

கிறிஸ்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில், 2001ஆம் ஆண்டுத் திருத்தம் வரையில், கணவனின் கொடுமை ஒன்றையே காரணமாகக் காட்டி மனைவி மணமுறிவு பெற இயலாதிருந்தது. அதனோடு விபசாரத்தையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. இன்று கொடுமையே போதிய காரணம். வழக்குத் தொடுத்ததனால் மட்டும் உறைவிட உரிமை அற்றுப்போவதில்லை. மணமுறிவு வழக்கு நடைபெறும் நீதிமன்றத்திலேயே அதனைக் கோரவும் 26ஆம் பிரிவு இடமளிக்கிறது. 2022 ஆகஸ்டில், மணமுறிவு வழக்கு நிலுவையில் இருந்த ஒரு குடும்பத்தில், கணவன் வெளியேறுவதே இல்ல அமைதிக்கு ஒரே வழியாயின், அவனுக்கு வேறிடம் உண்டோ இல்லையோ, நீதிமன்றம் அவ்வாறு ஆணையிட வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆபத்து நேர்கையில் உயிரைக் காத்துக்கொண்டு வெளியேறுவதே முதற்கடமை. அங்ஙனம் வெளியேறியதனால் அவள் உரிமையை இழப்பதில்லை. திருவாதவூருக்கு வந்தவள், அங்குத் தற்காலிகமாகவே தங்கியிருப்பினும், அப்பகுதிக்குரிய நடுவரிடமே மனுச் செய்யலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனுவை எழுத உதவுவார். சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். 181 என்னும் தொலைபேசி எண் எந்நேரமும் உதவும். இவற்றை அறிந்துவைத்திருப்பதும் ஆயர் பணியே.

திருமறையின் சாட்சி

மணமுறிவைப் பற்றிப் பேசும்போது நாம் உடனே மல்கியா இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுகிறோம். தள்ளிவிடுதலைக் கண்டிக்கும் அதே வசனம் கொடுமையையும் கண்டிக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். பாதி வசனத்தைப் பிரசங்கிப்பதற்கு நமக்கு அதிகாரமில்லை. மீகா தீர்க்கதரிசியோ, தாம் கண்ட அநீதிகளின் வரிசையில், பெண்கள் தங்கள் இனிய வீடுகளினின்று துரத்தப்படுதலையும் குறிப்பிடுகிறார் (2:9). வீடிழந்த பெண்ணின் வழக்கு, ஆகவே, வெறும் குடும்பச் சச்சரவன்று, தேவநீதியைச் சார்ந்தது.

முடிவாக, நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஆயரில்லங்களுக்கும் சபைப் பள்ளிகளின் குடியிருப்புகளுக்கும் சபையே உரிமையாளர். அங்கே ஓர் ஆயரின் மனைவியோ ஆசிரியரின் மனைவியோ அடிபட்டு நின்றால், நாம் யாரை வெளியேறச் சொல்வோம்? ஊழியர் பணிநீக்கம் பெற்றால், அவர் மனைவி மக்கள் எங்கே தங்குவர்? நீதிமன்றம் ஆணையிடும் வரை காத்திராது, நம் மறைமாவட்ட விதிகளிலேயே இதற்கு விடை எழுதுவோமாக. அதுவரையில், நம்மிடம் வரும் பெண்ணிடம் நாம் கேட்கத்தக்க முதற்கேள்வி, "எப்போது திரும்பிப் போகிறாய்?" என்பதன்று, "நீ எங்கே பாதுகாப்பாய் இருப்பாய் அம்மா?" என்பதே.