ஹாம்லெட் நிஜமாகவே தயங்கினானா? வாளை உறையில் போட்ட அந்த ஒரு காட்சி!

அப்பாவைக் கொன்றவன் கண் முன்னே மண்டியிட்டு இருக்கிறான். பக்கத்தில் காவலுக்கு யாரும் இல்லை. பின்னால் நிற்கும் மகன் கையில் உருவிய வாள். ஒரே குத்து, கதை முடிந்தது.

ஆனால் மகன் வாளை உறையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறான்.

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தின் மூன்றாவது அங்கத்தில் வரும் காட்சி இது. இதற்குப் பிறகு எட்டு பேர் சாகிறார்கள். அதில் ஹாம்லெட்டும் ஒருவன்.

‘ஹாம்லெட்டிடம் என்ன குறை?’ என்று கேட்டால், கல்லூரி நோட்ஸ் எல்லாம் ‘தயக்கம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். 1948-ல் லாரன்ஸ் ஒலிவியர் எடுத்த படமும், முடிவெடுக்கத் தெரியாத ஒருவனின் கதை இது என்று அறிவித்துவிட்டுத்தான் தொடங்கும். நானும் பரீட்சையில் அப்படித்தான் எழுதினேன், மார்க்கும் வந்தது. ஆனா நாடகத்தை நிதானமா திரும்பப் படிச்சா, எங்கேயோ இடிக்குது.

முதல்ல கதை, சுருக்கமா...

டென்மார்க் மன்னர் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தம்பி கிளாடியஸ் அரியணை ஏறி, அண்ணி கெர்ட்ரூடையும் மணந்துகொள்கிறான். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த இளவரசன் ஹாம்லெட் ஊர் திரும்பியிருக்கிறான். அவன் முன் அப்பாவின் ஆவி வந்து நிற்கிறது. தோட்டத்தில் தூங்கும்போது காதில் விஷம் ஊற்றித் தன்னைக் கொன்றது தம்பிதான், பழி வாங்கு என்கிறது.

ஹாம்லெட் உடனே வாளைத் தூக்கவில்லை. ஆனால் வந்தது அப்பாதானா, இல்லை அப்பா வேஷத்தில் வந்த பிசாசா? 1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட நாடகம் இது. ஆவி தான் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தவிப்பதாகச் சொல்கிறது. அப்படி ஓர் இடமே கிடையாது என்பது அன்றைய இங்கிலாந்து திருச்சபையின் அதிகாரபூர்வ நிலைப்பாடு. அதனால் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆவி சொன்ன கொலையைப் போலவே ஒரு காட்சியை நடிகர்களை வைத்துச் சித்தப்பா முன்னால் நடத்துகிறான் ஹாம்லெட். கிளாடியஸ் பாதியிலேயே எழுந்து போகிறான். ஆதாரம் கிடைச்சாச்சு.

அடுத்து வருவதுதான் அந்த மண்டியிட்ட காட்சி. இப்போ ஏன் விட்டான்?

காரணத்தை அவனே சொல்கிறான். பிரார்த்தனையில் இருக்கும்போது கொன்றால் சித்தப்பா நேரே சொர்க்கம் போய்விடுவான். பாவமன்னிப்புகூடக் கேட்க முடியாமல் செத்த அப்பாவோ அங்கே வதைபடுகிறார். எனவே குடிபோதையிலோ படுக்கையிலோ இருக்கும்போது கொன்று, நரகத்துக்கே அனுப்ப வேண்டும்!

இதைத் தயக்கம்னு எப்படிச் சொல்றது? உயிரை எடுத்தால் போதாது, ஆன்மாவும் வேண்டும் என்கிற வெறி இது. இல்லை, அது வெறும் சாக்கு, உள்ளுக்குள் பயம் என்று வாதிடும் விமர்சகர்களும் உண்டு. எனக்கு அவன் சொல்வதை அப்படியே நம்புவதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

இதில் கொடுமையான ட்விஸ்ட், ஹாம்லெட் போன பிறகு வருகிறது. கிளாடியஸ் எழுந்து, தன் பிரார்த்தனை மேலே போகவே இல்லை என்று ஒப்புக்கொள்கிறான். கொலை செய்து அடைந்த கிரீடமும் ராணியும் கையில் இருக்கும்போது மன்னிப்பு எப்படிக் கிடைக்கும் என்பது அவனுக்கே தெரிகிறது. அதை விட்டுக்கொடுக்க மட்டும் மனசு வரலை. அவன் குறை அதுதான்.

அடுத்த காட்சியிலேயே, திரைக்குப் பின்னால் சத்தம் கேட்டதும் யாரென்று பார்க்காமலே குத்திவிடுகிறான் ஹாம்லெட். செத்தது கிளாடியஸ் இல்லை, அமைச்சர் பொலோனியஸ். பிறகு கப்பலில், தன் தலையை வெட்டச் சொல்லும் கடிதத்தை மாற்றி எழுதி, இரண்டு பழைய நண்பர்களைச் சாவுக்கு அனுப்புகிறான். அவர்கள் தன் மனசாட்சியை உறுத்தவில்லை என்றும் சொல்கிறான். தயங்குற ஆளா இது?

இதற்கெல்லாம் விலை கொடுப்பவள் ஒஃபீலியா. அப்பா பொலோனியஸ் அவள் காதலைத் தடுக்கிறார், பிறகு அவளையே தூண்டிலாக்கி ஹாம்லெட்டை வேவு பார்க்கிறார். காதலன் அவளை ஏசித் துரத்துகிறான், அப்பாவையும் கொல்கிறான். பழிவாங்க ஹாம்லெட்டைவிட அவளுக்குக் காரணம் குறைவா என்ன? அவள் கையில் வாளை யாரும் கொடுக்கவில்லை. புத்தி பேதலித்து, தண்ணீரில் மூழ்கிப் போகிறாள்.

அவள் அண்ணன் லேயர்டீஸ் நேர் எதிர். யோசிக்கவே மாட்டான். தேவாலயத்துக்குள்ளேயே ஹாம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்கிறான். கிளாடியஸ் சொன்ன சதிக்கு ஒப்புக்கொண்டு வாள் நுனியில் விஷம் தடவுகிறான், அதே வாளால் சாகிறான்.

தந்தையை இழந்த மூன்றாவது மகனும் உண்டு, நார்வே இளவரசன் ஃபோர்டின்பிராஸ். அவன் அப்பாவைக் கொன்றது ஹாம்லெட்டின் அப்பா. அவன் பழியே வாங்கவில்லை. கடைசியில் டென்மார்க் கிரீடம் அவனுக்குத்தான் போகிறது!

நம்ம ஊருக்கும் ஹாம்லெட் பழைய ஆள்தான். பம்மல் சம்பந்த முதலியார் இதை ‘அமலாதித்யன்’ என்று தமிழாக்கி மேடையேற்றினார். ‘ராஜபார்ட் ரங்கதுரை’யில் (1973) சிவாஜி ஹாம்லெட்டாக வரும் காட்சியும் பலருக்கு நினைவிருக்கும்.

கடைசிக் காட்சிக்கு வருவோம். விஷக் கோப்பையைக் குடித்து அம்மா சாகிறாள். தன் உடம்பிலும் விஷம் ஏறிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் ஹாம்லெட் சித்தப்பாவைக் குத்துகிறான், மிச்ச விஷத்தையும் வாயில் ஊற்றுகிறான். அப்போது அவன் வாயில் வருவது அம்மாவைப் பற்றிய பேச்சு. யாருக்காக இத்தனையும் தொடங்கியதோ, அந்த அப்பாவைப் பற்றி அந்த நொடியில் ஒரு வார்த்தைகூட இல்லை.